மகன் கண்டெய்னர் வீடு கட்டப் போகிறேன் என்கிறானா?

அக்கா, பையன் பார்மசி வேண்டாம், கப்பலில் சரக்கு ஏற்றுகிற கண்டெய்னரில் வீடு டிசைன் பண்ணப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், பத்தாங் பெர்ஜுந்தையில் யார் தகர வீடு வாங்குவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கோபம் புரிகிறது. தோட்டத்து லயத்தை விட்டுக் கல்வீட்டுக்கு வர உங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமா, அவன் மறுபடி தகரத்துக்கே போகிறேன் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் கண்டெய்னர் வீட்டைத் தனித் தொழிலாகப் பார்க்காதீர்கள். கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல், இரும்பு வேலை மூன்றும் சந்திக்கிற ஒரு சின்ன மூலை அது. அந்த மூன்றில் எது அவனுக்குக் கைவரும் என்று பார்த்துச் சேர்த்துவிட்டால், நாளைக்குக் கண்டெய்னர் மோகம் போனாலும் தொழில் போகாது.

நீங்கள் அனுப்பிய அவன் வரைபடத்தைப் பார்த்தேன். இருபதடி பெட்டிக்குள் இரண்டு படுக்கையறை, ஒரு நீளப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கை நன்றாக ஓடுகிறது, ஆனால் சுவருக்குத் தடிமனே இல்லை! சரி, சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கார் நிறுத்துகிற இடத்தில் 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். இருபதடி கண்டெய்னரின் உள்ளளவு அவ்வளவுதான். வெப்பம் தடுக்க இரண்டு பக்கமும் பஞ்சும் பலகையும் அடித்தால் அகலம் 2.2 மீட்டர் பக்கம் வந்துவிடும். அதற்குள் கட்டிலையும் அலமாரியையும் வரைந்து, கதவு திறக்க இடம் விட்டு, ஓர் ஆள் இடிக்காமல் நடக்க முடிகிறதா என்று அவனே நடந்து பார்க்கட்டும்.

அப்புறம் சட்டம். யுபிபிஎல் என்று சொல்கிற 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில், வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும் இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது, அகலம் 2 மீட்டராவது வேண்டும், படுக்கையறை உயரம் 2.5 மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பெட்டியில் மொத்தமே 14 சதுர மீட்டர் தேறாது, ஆக அவனுடைய இரண்டு அறை கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. சாதாரணப் பெட்டியின் உள்ளுயரம் 2.39 மீட்டர்தான், அதுவும் உதவாது. ஹைகியூப் என்கிற உயரமான வகை சுமார் 2.69 மீட்டர் என்பதால் கூரைக்கு உள்ளே பஞ்சு அடித்தாலும் தப்பிக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் நோட்டை மூடி வைத்துவிட்டால் அது வெறும் வீடியோ ஆசை, விட்டுவிடுங்கள். "அப்போ ரெண்டு நாற்பதடி பெட்டியைப் பக்கத்துல பக்கத்துல வச்சு நடுச்சுவரை எடுத்தா?" என்று கேட்டானென்றால் பையனிடம் சரக்கு இருக்கிறது.

நடுச்சுவரை எடுப்பதுதான் பெரிய வேலை. கப்பலில் பெட்டிகளை அடுக்கும்போது பாரம் இறங்குவது நான்கு மூலைத் தூண் வழியாக. பக்கத் தகட்டை நெளிநெளியாக மடித்திருப்பது அழகுக்கு இல்லை, பெட்டியை விறைப்பாக வைக்கத்தான். அதை நீளமாக அறுத்து எடுத்தால் மேல்சட்டம் நடுவில் தொய்யும், திறப்பைச் சுற்றிப் புதிதாக இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், எத்தனை கனம் என்று பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு மேலே காற்று ஓட இடைவெளி விட்டுத் தனிக்கூரையும் வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானம் உள்ளே உட்கார முடியாது, ஏர்கோன் போட்டால் தகட்டில் நீர் கோத்துத் துரு பிடிக்கும். பழைய பெட்டியின் தரைப் பலகைக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள், வாங்குமுன் கதவில் அந்த விவரம் பொறித்திருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். வீடியோக்காரர்கள் இதையெல்லாம் எங்கே காட்டுகிறார்கள்?

வேலை கிடைக்குமா என்கிறீர்கள். கண்டெய்னரை மட்டும் நம்பினால் நிச்சயமில்லை. ஆனால் அறை அறையாகத் தொழிற்சாலையில் செய்து, லோரியில் கொண்டுபோய் அடுக்குகிற "மோடுலர்" முறை வளர்கிறது. சிங்கப்பூரில் 2019இல் முடிந்த கிளெமென்ட் கேனப்பி என்கிற 40 மாடிக் குடியிருப்பின் அறைகளை நம்ம ஜொகூரில் செனாயில்தான் வார்த்தார்கள். இங்கேயும் 10 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களில் ஐபிஎஸ் என்கிற தொழிற்சாலைக் கட்டுமான முறைக்குக் குறைந்தது 70 புள்ளி கேட்கிறார்கள். பையன் "கண்டெய்னர்" என்று சொல்வதை நீங்கள் "மோடுலர்" என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி பயம் போய்விடும்.

படிப்புக்கு வருவோம். ஆர்க்கிடெக்ட் ஆவதென்றால் நீளப் பயணம்: மூன்று வருட இளங்கலை, இரண்டு வருட முதுகலை, அப்புறம் வேலை அனுபவம், அதன்பின் ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்கிற வாரியமான லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவின் மூன்றாம் பகுதித் தேர்வு. யுஎஸ்எம், யுடிஎம், யுஎம் மூன்று பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. நகராண்மைக் கழகத்துக்கு வீட்டுப் பிளான் அனுப்பப் பதிவு பெற்றவரின் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் எவ்வளவு அழகாக வரைந்தாலும் இன்னொருவருக்குக் கீழேதான் வேலை. இன்னொரு பக்கம் ஐஎல்பி என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் மாதிரி இடங்களில் வெல்டிங்கில் எஸ்கேஎம் என்கிற திறன் சான்றிதழ். மூன்றாம் நிலை முடித்தால் நாலாவது, ஐந்தாவது நிலையில் டிப்ளோமாவும் இருக்கிறது, கைநிறையச் சம்பாதிக்கிறவர்களை நான் பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால் உங்கள் பையனுக்கு நடுவழிதான் சரி. பாலிடெக்னிக்கில் சிவில் அல்லது கட்டடக்கலை டிப்ளோமா, பிடித்துவிட்டால் அங்கிருந்து டிகிரி. கணக்கை அவன் விடக் கூடாது, மலாயும் வரலாறும் தேறாவிட்டால் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழே கிடையாது என்பதையும் ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கள். எஸ்பிஎம் முடிந்து ரிசல்ட் வரும்வரை வீட்டில் போனோடு உட்கார வைக்காமல் தெரிந்த இரும்புப் பட்டறையில் எடுபிடியாக விடுங்கள். தகடு அறுக்கிற சத்தமும் பொறியும் ஒத்துக்கொள்கிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் பணத்தை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பாலிடெக்னிக் கட்டணம் அவரை உலுக்காது. தனியார் கல்லூரி என்று பையன் பிடிவாதம் பிடித்தால், அந்தக் கட்டடக்கலைப் படிப்புக்கு லெம்பாகா ஆர்க்கிடெக்கின் அங்கீகாரம் இருக்கிறதா, பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்குமா, இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.