மருந்தே இல்லாத உடம்புல பம்ப்புக்கு என்ன வேலை? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ஆன்ட்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ், அதாவது கிருமி மருந்துக்கு அடங்காம போறது பத்தி நீங்க எழுதினதுல ஒரு வரி மட்டும் எனக்கு இடிக்குது. எஃப்ளக்ஸ் பம்ப் இல்லாத கிருமியால நம்ம செல்லுக்குள்ள நுழைய முடியாதுன்னு எழுதியிருந்தீங்க. நான் மைக்ரோபயாலஜி படிக்கிறேன். எங்க பாடத்துல அது மருந்த வெளிய தள்ளுற பம்ப், அவ்வளவுதான். மருந்தே எடுத்துக்காத ஒருத்தர் உடம்புல அதுக்கு என்ன வேலை? மருந்து புழக்கத்த குறைச்சா பம்ப்பும் தானா போயிடாதா?

(பெயர் வேண்டாம் சார்)

அன்புள்ள மாணவிக்கு,

மொதல்ல ஒரு திருத்தம். 'நுழைய முடியாது'ன்னு நான் எழுதினது அதிகப்படி, நுழையற திறன் குறையும்னு சொல்லியிருக்கணும், அதுவும் எல்லா கிருமிலயும் ஒரே மாதிரி இல்ல. கட்டுரையில மாத்திட்டேன்.

உங்க பாடத்த குறை சொல்ல மாட்டேன். இந்த பம்ப் நம்ம கண்ணுல பட்டதே மருந்து வழியாத்தான், 1980ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டூவர்ட் லெவியோட குழு டெட்ராசைக்ளினுக்கு அடங்காத ஈ.கோலைங்கற குடல் கிருமி அந்த மருந்த உள்ள வரவர வெளிய தள்ளுதுன்னு காட்டினாங்க. அது பிளாஸ்மிட்ல, அதாவது குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்கற குட்டி டிஎன்ஏ வளையத்துல வந்த பம்ப், ஒரு கிருமிகிட்டேருந்து இன்னொண்ணுக்கு கை மாறக்கூடியது. ஆனா ஈ.கோலை, வயித்துப்போக்கு தர்ற சால்மோனெல்லா ரெண்டுலயும் இருக்கற அக்ர்ஏபி-டோல்சி பம்ப்போட ஜீன் குரோமோசோம்லயே இருக்கு, ஆன்ட்டிபயாட்டிக் 1940கள்ல ஆஸ்பத்திரிக்கு வந்ததுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடிலேருந்தே இருக்கு. அப்ப அது எதத் தள்ளிட்டு இருந்துச்சு?

சால்மோனெல்லாவையே எடுத்துக்கோங்க. வாய் வழியா போயி வயித்து ஆசிட்ல தப்பிச்சு சிறுகுடலுக்கு வந்தா அங்க பித்தநீர். பித்த உப்பு கொழுப்ப கரைக்கிற சோப்பு மாதிரி, பாக்டீரியாவோட மெம்பிரேனும் (சவ்வு) கொழுப்புதானே, அதயும் கரைச்சிடும். உள்ள புகுந்த பித்த உப்ப இந்த பம்ப் அள்ளி வெளிய கொட்டுது, பித்தநீர் பட்டாலே பம்ப்போட உற்பத்தியும் ஏறுது. ஆக மருந்து எடுக்காத உடம்புலயும் அதுக்கு தினப்படி வேலை இருக்கு.

இதுவரைக்கும் தற்காப்பு. நுழையறதுல அதுக்கு என்ன பங்குன்னுதானே நீங்க கேக்கறீங்க. பம்ப் பழுதான சால்மோனெல்லா செல்லுல ஒட்டுறதும் குறையுது, உள்ள போறதும் குறையுது, ஏன்னா நம்ம செல்லுக்குள்ள புரதத்த ஊசி போட்ட மாதிரி செலுத்துற கருவிக்கான ஜீன்களே அதுல சரியா வேலை செய்ய மாட்டேங்குது. காலரா கிருமியிலயும் இந்த வகை பம்ப்புகள எடுத்துட்டா டாக்ஸின் உற்பத்தியே குறைஞ்சிடுது. 2006ல வந்த ஒரு ஆராய்ச்சியில சால்மோனெல்லாவோட மருந்து தள்ளுற பம்ப்புகள் ஒன்பதையும் நீக்கி எலிக்கு வாய் வழியா கொடுத்துப் பாத்தாங்க, அந்த கிருமியால எலிய நோயில தள்ள முடியல. எலிக்கு எந்த மருந்தும் கொடுக்கலைங்கறத கவனிங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது 2002ல சூடோமோனாஸ்ங்கற, ஆஸ்பத்திரில அடிக்கடி தொத்தற கிருமியில பண்ணின ஆராய்ச்சி. மெக்ஸ்ஏபி-ஓப்ஆர்எம் பம்ப்ப நீக்கின கிருமியால வளர்ப்புத் தட்டுல இருக்கற எபிதீலியல் (உறுப்புகளோட மேல்பரப்ப மூடற) செல்லுக்குள்ள சரியா நுழைய முடியல. அப்புறம் பம்ப் இருக்கற கிருமி தொத்தின செல்களோட திரவத்த மட்டும் எடுத்து பம்ப் இல்லாத கிருமி இருக்கற தட்டுல ஊத்தினாங்க, அந்த கிருமி மறுபடி நுழைய ஆரம்பிச்சுது! அப்படின்னா நுழையறதுக்கு உதவுற ஏதோ ஒண்ண அந்த பம்ப் வெளிய அனுப்பிட்டு இருந்திருக்கு. நாம குப்பை தள்ளுற வாசல்னு நினைச்சது சரக்கு அனுப்புற வாசலாவும் இருந்திருக்கு.

ஆனா பம்ப் கூடக்கூட கிருமி கொடூரமாகும்னு கணக்கு போட்டுடாதீங்க. அதே சூடோமோனாஸ்ல மெக்ஸ்ஈஎஃப்-ஓப்ஆர்என்னு இன்னொரு பம்ப், அது அளவுக்கு மீறி ஓடினா கிருமிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற சிக்னலுக்கான மூலப்பொருளும் சேர்ந்து வெளிய போயிடுது, தாக்குற திறன் குறைஞ்சிடுது, ஆனா மருந்துக்கு மட்டும் அடங்காது. பம்ப்ப மொத்தமா ஒரே வார்த்தையில பேசினா தப்பாயிடும்னு நான் சொல்றது இதனாலதான்.

உங்க கடைசிக் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது. மருந்து புழக்கத்த குறைச்சே ஆகணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா அதனால பம்ப் போயிடும்னு நம்ப முடியாது. கொனோரியா கிருமியோட எம்டிஆர்சிடிஈ பம்ப் நம்ம உடம்பே சுரக்கற கொழுப்பு அமிலத்தையும் எல்எல்-37ங்கற கிருமிக்கொல்லி பெப்டைடையும் வெளிய தள்ளுது. அந்த பம்ப்புக்கு போட்டிருந்த கடிவாளம் மியூட்டேஷன்ல போயி அது அதிகமா ஓடுற வகை, பெண் எலிகள்ல சாதாரண வகையோட போட்டி போட்டு ஜெயிச்சுது, பம்ப் தள்ளுற மருந்தோட அழுத்தம் இல்லாமலேயே! ரெசிஸ்டன்ஸ்க்கு கிருமி ஒரு விலை கொடுக்குது, மருந்த நிறுத்தினா அந்த வகை பின்தங்கிடும்னுதான் நாம வழக்கமா சொல்றது. இங்க அது கொடுக்கறதுக்கு பதிலா வாங்கிக்குது.

பம்ப்ப அடைக்கற மருந்து இருந்தா பழைய ஆன்ட்டிபயாட்டிக்கும் திரும்ப வேலை செய்யும், நுழையற திறனும் மங்கும்னு ரொம்ப வருஷமா தேடறாங்க. டிபி கிருமி மேக்ரோஃபேஜுக்குள்ள (கிருமிய விழுங்கற நம்ம செல்) போனதும் பம்ப்ப முடுக்கிவிட்டு மருந்த தாங்கிக்குது, அந்த தாங்கற திறன வெராபமில்ங்கற இதய மருந்து சோதனைகள்ல குறைச்சிருக்கு. ஆனா பாக்டீரியா பம்ப்ப அடைக்கறதுக்குன்னே அங்கீகரிச்ச மருந்து இன்னும் ஒண்ணு கூட வரல, லேப்ல நல்லா வேலை செஞ்ச சில பொருள் நம்ம செல்லுக்கும் நஞ்சா இருக்குங்கறது ஒரு பெரிய தடை.

இதெல்லாம் நேர்ல பாக்க பெரிய வசதி தேவையில்ல. உங்க லேப்ல மெக்கான்கி அகார்ங்கற கிருமி வளர்க்கற ஊடகம் கண்டிப்பா இருக்கும், அதுல பித்த உப்பு சேர்த்திருக்காங்க. டோல்சி (மேல சொன்ன அக்ர்ஏபி-டோல்சி பம்ப்போட ஒரு பகுதி) நீக்கின ஈ.கோலை கிடைச்சா உங்க கைடு கிட்ட கேட்டு சாதாரண தட்டுல ஒரு கோடு, மெக்கான்கில ஒரு கோடு இழுத்து ராத்திரி முழுக்க இன்குபேட்டர்ல விட்டுப் பாருங்க. எந்தத் தட்டுல வளருது, எதுல திணறுதுன்னு எனக்கும் எழுதுங்க.