போலோன்யாவில் இறங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இத்தாலிப் பயணக் குறிப்பில் ரோமுக்கு இரண்டு நாள், போலோன்யாவுக்கு ஐந்து நாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரி என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. கல்லூரி நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் அடுத்த வருடம் இத்தாலி போகிறோம். பத்து நாள். ரோம், ஃபிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான் என்று பட்டியல் போட்டாயிற்று. ஃபிளாரன்ஸிலிருந்து வெனிஸ் போகும் ரயில் போலோன்யா வழியாகத்தான் போகிறது, அங்கே இறங்கலாமா என்று கேட்டேன். "அங்கே என்ன இருக்கு?" என்கிறார்கள் மற்ற மூவரும். தேடிப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் சரிதான் போலிருக்கிறது. கோபுரத்தில் ஏற அனுமதி இல்லை. பெரிய தேவாலயத்தின் முகப்பு பாதியில் நிற்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன முறை தாய்லாந்து போய்விட்டு வந்து எங்களில் இருவர் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் சுத்த சைவம், அதுவும் ஒரு தலைவலி. நண்பர்களோடு சேர்ந்து ஊர் சுற்றுவதே தப்பா?

க., கோவை

அன்புள்ள க.,

கோபுரம் மூடியிருப்பதும் முகப்பு பாதியில் நிற்பதும் உண்மை. ஊர் நடுவே இரண்டு கோபுரங்கள். உயரமானது அசினெல்லி, 97 மீட்டர். பக்கத்தில் அதில் பாதி உயரத்துக்குச் சாய்ந்து நிற்பது கரிசெண்டா. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரக காண்டத்தில் ஓர் அரக்கன் குனிவதைச் சொல்ல இந்தக் கரிசெண்டாவைத்தான் உவமை காட்டுகிறார். 2023 அக்டோபரில் அதன் நிலை மோசம் என்று தெரிந்து இரண்டையும் மூடிவிட்டார்கள். அசினெல்லிக்கு 498 படி. படிப்பு முடிக்கும் முன் அதில் ஏறும் மாணவனுக்குப் பட்டம் கிடைக்காது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் நால்வருக்கும் முழங்கால் பிரச்சினை. மூடியிருந்ததில் யாரும் வருத்தப்படவில்லை.

சான் பெத்ரோனியோ தேவாலயத்தை 1390இல் கட்டத் தொடங்கினார்கள். முகப்பில் கீழ்ப்பாதிக்குப் பளிங்கு ஒட்டினார்கள், மேல்பாதி இன்னும் வெறும் செங்கல். பல நூறு வருடமாக அப்படியே நிற்கிறது, யாரும் அலட்டிக்கொள்வதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

சரி, அப்படியானால் ஐந்து நாள் என்னதான் செய்தோம் என்று கேட்பீர்கள். நடந்தோம், சாப்பிட்டோம், பேசினோம்.

நம் ஊரில் போர்ட்டிகோ என்றால் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம். போலோன்யாவில் போர்ட்டிகோ என்றால் தெருவோரம் தூண்கள் மேல் கூரை போட்ட நடைபாதை. மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இது அழகுக்காக வந்ததில்லை. பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. படிக்க வருகிறவர்களும் பிழைக்க வருகிறவர்களும் கூடக்கூட, இடம் போதாமல் வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டினார்கள். நீட்டிய பகுதி விழாமல் இருக்க மரத்தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் இந்த ஆக்கிரமிப்பை இடித்துத் தள்ளியிருக்கும். போலோன்யா 1288இல் நேர் எதிராக ஒரு சட்டம் போட்டது: புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆகவேண்டும், குதிரையில் வருகிறவன் தலை இடிக்காத உயரத்தில். இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவருடையது, நடப்பது ஊராருடைய உரிமை. திண்ணை மாதிரிதான். என்ன, நாம் திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டோம், அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் இருந்த ஐந்து நாளில் இரண்டு நாள் மழை. குடையை எடுக்கவே இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று பேர் தோளோடு தோள் போகும் அகலம், வண்டிகளுக்கு ஒதுங்க வேண்டியதில்லை. நண்பர்களோடு நடப்பதற்கென்றே கட்டியது போல் இருக்கும். ரோமில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடந்தோம். முன்னால் போகிறவர் கையில் வரைபடம், பின்னால் வருகிறவர் முகத்தில் எரிச்சல். காலை 9:15க்கு ஒரு நுழைவுச்சீட்டு, 12:30க்கு இன்னொன்று. ஒருவர் குளிக்கத் தாமதித்தால் நான்கு பேருடைய பணம் போச்சு. உங்கள் தாய்லாந்து சண்டையும் இப்படித்தான் முளைத்திருக்கும் என்று நினைக்கிறேன். போலோன்யாவில் யாரும் எதையும் தவறவிட முடியாது. "கட்டாயம் பார்த்தே ஆகவேண்டும்" என்று ஒன்றும் இல்லையே.

அதனால் ஒரு வழக்கம் தானாக அமைந்தது. காலையில் அவரவர் வழி, பகல் ஒரு மணிக்குக் கையில் சூலத்தோடு நிற்கும் நெப்டியூன் நீரூற்றடியில் கூடல். எங்களில் ஒருவர் மருத்துவர். அவர் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவில் இருக்கும் பழைய உடற்கூறு வகுப்பறைக்கு இரண்டு முறை போனார். 1637இல் முழுக்க மரத்தில் அமைத்த கூடம், நடுவில் பிணம் கிடத்தும் பளிங்கு மேசை. 1944இல் குண்டு விழுந்து நொறுங்கியதை இடிபாடுகளிலிருந்து பொறுக்கி மறுபடி கோத்திருக்கிறார்கள். இன்னொருவர் பொறியாளர், எங்கள் கூட்டத்துச் சைவர். சான் பெத்ரோனியோவின் தரையில் 1655இல் காசினி என்ற வானியலாளர் பதித்த 67 மீட்டர் நீளக் கோடு இருக்கிறது. மேலே ஒரு துளை வழியாக வரும் வெயில் உச்சிவேளையில் அந்தக் கோட்டைத் தொடும். அது எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து நாள் சொல்லிவிடலாம். அவர் காத்துக்கொண்டு நின்ற இரண்டு நாளும் மேகம். மூன்றாம் நாளும் போனார். எங்களை இழுக்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை.

மூன்றாமவர் வங்கிக்காரர், கணக்கு அவர் கையில். முதல் நாள் இரவே வில்லங்கம். ஒரு உணவகத்தில் பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு 3 யூரோ, மொத்தம் 12 யூரோ. நாற்காலியில் உட்கார்ந்ததற்கும் ரொட்டிக் கூடைக்கும் சேர்த்து வாங்கும் காசு அது. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை. "ரொட்டி நாங்கள் கேட்கவே இல்லையே" என்று வங்கிக்காரர் பரிமாறுகிறவரிடம் வாதாட, மருத்துவர் "மானத்தை வாங்காதே" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதோடு இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெரிய சதுக்கத்தை ஒட்டிய போதெஸ்தா மாளிகையின் வளைவுக்கடியில் போய் நின்றோம். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிசுகிசுத்தால் குரல் வளைவின் மேலேறி எதிர் மூலையில் தெளிவாக இறங்கும். பொறியாளர்தான் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்க்க நிறுத்தினார், பள்ளிக்கூடத் தண்டனை மாதிரி. என்ன பேசினார்கள் என்று தெரியாது. வங்கிக்காரர் சிரித்த சத்தம் மட்டும் எங்களுக்கும் கேட்டது.

அப்புறம் சாப்பாடு. அந்த ஊருக்கு மூன்று பட்டப்பெயர்: படித்தவள், சிவந்தவள், கொழுத்தவள். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். 'ஸ்பகெட்டி போலோன்யீஸ்' என்று கேட்டுவிடாதீர்கள், அந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாது. அவர்களுடையது தாலியாத்தெல்லே, முட்டையும் மாவும் பிசைந்து நீண்ட கட்டையால் தேய்த்து நாடாவாக அறுத்தது. வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று 1972இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஊற்றுவது ராகு. நம் காதில் வேறு மாதிரி விழுந்தாலும் இது இறைச்சிக் குழம்பு: கொத்திய மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி. நம் ராகு காலம் ஒன்றரை மணி நேரம், அவர்களுடையது அடுப்பில் குறைந்தது இரண்டு. சொரசொரப்பான முட்டை நாடாவில் குழம்பு ஒட்டிக்கொள்ளும், வழவழ ஸ்பகெட்டியில் வழுக்கித் தட்டிலேயே தங்கிவிடும். விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் சைவ நண்பருக்கு ஒரே ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். டோர்ட்டெல்லினி கூடாது, டோர்ட்டெல்லோனி ஆகும். 'லி' வந்தால் பூரணத்தில் பன்றி இறைச்சி, மிதப்பதும் இறைச்சிச் சாற்றில். 'லோ' வந்தால் உருவத்தில் பெரிது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோட்டா என்ற பால்கட்டி. வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டிக் கேட்க வேண்டும். கிரெஷெந்தினே என்ற பொரித்த ரொட்டி நம் பூரி போலவே உப்பியிருக்கும், ஆனால் வழக்கமாகப் பொரிப்பது பன்றிக் கொழுப்பில், கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள். பார்மிஜானோ சீஸைத் திரிப்பதற்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்தான். இதை மட்டும் எங்கள் பொறியாளரிடம் சென்னையில் விமானம் இறங்கிய பிறகு சொன்னேன். செய்தது சரியில்லைதான்.

அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட இடம் ஒஸ்டெரியா தெல் சோலே. 1465இலிருந்து இருக்கும் ஒயின் கடை, சமையலறை கிடையாது. குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும், தின்பதை நாம் கொண்டுபோகலாம். சுற்றிலும் கடைத்தெரு. நாங்கள் சீஸும் மொர்த்தடெல்லா என்ற பன்றி இறைச்சித் துண்டுகளும் வாங்கி விரித்தோம், அவர் ரொட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பருப்புப்பொடியைத் தூவினார். பக்கத்து மேசைக் கிழவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

கடைசி நாள் சான் லூக்கா குன்றுக்கு நடந்தோம். நகரவாசலிலிருந்து கோயில் வரை ஒரே போர்ட்டிகோ, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், 666 வளைவுகள். மாதாவின் படம் மே மாதம் கீழே இறங்கி வரும்போது நனையாமல் இருப்பதற்காக 1674இல் தொடங்கியது. முடிய 1793 ஆயிற்று. நம் வீரமாமுனிவர் இளமையில் ரவென்னாவிலும் இந்த ஊரிலும் பயிற்சி பெற்றவர். 1711இல் மதுரைக்கு வந்தார். அவர் இங்கே படித்தபோது இதற்குக் கொத்து வேலை நடந்துகொண்டிருந்திருக்கும். பொறியாளர் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். இருநூற்றுச் சொச்சத்தில் வங்கிக்காரர் ஏதோ வட்டி விகிதம் பற்றிக் கேட்க, எண்ணிக்கை போயிற்று. அந்தச் சண்டை மேலே போய்ச் சேரும்வரை நடந்தது.

ரயில் நிலையத்தில் ஒரு கடிகாரம் 10:25இல் நிற்கும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. உள்ளே போய்ச் சுவரில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள்.

ஃபிளாரன்ஸிலிருந்து வேகமான ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவு, அங்கிருந்து வெனிஸுக்கு ஒன்றரை மணி. பைசாவையும் மிலானையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் மூன்று நாள் கிடைக்கும். அறையை நடுவூரில், போர்ட்டிகோ உள்ள தெருவில் எடுங்கள். பருப்புப்பொடியை இரண்டு பொட்டலமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.