கேளுங்கள், சொல்கிறோம்: ஜாமீன் கிடைத்தது, ஆள் வரவில்லை

கேள்வி (விருதுநகர் வாசகர்): ஜெயிலில் சிக்கன், டிவி எல்லாம் இருக்கிறதாமே? களியும் கல்லுடைப்பும் இருந்தால்தானே தப்பு செய்கிறவனுக்குப் பயம் வரும்? சிறைச் சீர்திருத்தம் என்பதே குற்றவாளிக்குக் கொடுக்கிற சலுகைதானே?

பதில்: களி இருக்கட்டும், அதைத் தின்னப்போவது யார் என்று பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். இடம் இருந்ததோ 4.36 லட்சம் பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நீங்கள் கல்லுடைக்கச் சொல்கிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மீது அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பே வரவில்லை.

ஜாமீன் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர், அடிதடி வழக்கில் உள்ளே போனார். ஜாமீனும் கிடைத்தது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. ஒரு வழியாக அவர் வந்து சேர்ந்தால், ரேஷன் கார்டில் அப்பா பெயர் பெருமாள், ஆதாரில் பெருமாள்சாமி. காகிதத்தைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம் சனி, ஞாயிறு, ஒரு அரசு விடுமுறை. இரண்டாவது ஜாமீன்தாரராக நான்தான் வீட்டு வரி ரசீதோடு போய் நின்றேன். "அவருடைய அப்பா பெயர் என்ன?" என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது எனக்கு எந்தப் பெருமாளைச் சொல்வதென்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டது! ஜாமீன் உத்தரவு வந்து 19 நாள் கழித்துத்தான் மனிதர் வெளியே வந்தார். அந்த 19 நாளும் எந்தக் குற்றத்துக்கான தண்டனை?

இது புதிய கதையும் இல்லை. 1978-லேயே மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டு, அவருடைய அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடி, 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில், அதாவது வேறு ஆள் பிணை நிற்காமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியில், அவரை விடச் சொன்னார். 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி சொன்னது: ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், 7 நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சட்ட உதவிக் குழுவுக்குச் சொல்லுங்கள், உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவ மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால் பெருமாளும் பெருமாள்சாமியும் ஒரே ஆள் என்று முடிவு செய்ய ஒரு மேஜையில் ஒருவருக்கு மனசு வர வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், சில்லறை வழக்குகளில் சொந்தப் பத்திரமே போதும். ஜாமீன் கிடைத்தும் போகாதவர்கள் பட்டியலை ஒவ்வொரு சிறை வாசலிலும் வாரா வாரம் ஒட்ட வேண்டும். சிக்கனைப் பற்றி அதற்கப்புறம் சண்டை போடலாம்.

கேள்வி (சேலம் வாசகி): சின்னத் திருட்டுக்கு ஜெயிலுக்குப் பதில் சமூக சேவை என்று புதிய சட்டம் வந்துவிட்டதே, நல்லதுதானே?

பதில்: நல்லதுதான். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவை. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தச் சேவை. அதற்கு முன்னால் ரிமாண்டில் எத்தனை நாள் கிடந்தார் என்று யார் கேட்பது?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): சிறைக்குள்ளும் சாதி உண்டா?

பதில்: மத்தியச் சிறை இருக்கிற ஊர்க்காரர் நீங்கள், என்னிடம் கேட்கிறீர்களா! மோதல் வராமல் தடுக்கத்தான் சாதிவாரியாகப் பிரித்து வைக்கிறோம் என்ற சமாதானத்தை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதி பார்த்து வேலை கொடுக்கும் சிறை விதிகளையும் ரத்து செய்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறது.