கட்டிலடியில் பதுங்கும் புதிய நாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று வயதுள்ள சிறிய இன நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பகல் முழுவதும் கட்டிலடியிலேயே பதுங்கிக் கிடக்கிறது. யாரும் அருகில் இல்லாதபோதுதான் சாப்பிடுகிறது. என் மகள் ஆசையாகத் தூக்கி மடியில் வைத்தால் உடம்பை விறைத்துக்கொள்கிறது, நேற்று உறுமியும்விட்டது. எங்களை அதற்குப் பிடிக்கவில்லையா? (ஒரு வாசகி)

பதில்: பிடிக்கவில்லை என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த நாய்க்குப் பழகிய மணங்கள், ஓசைகள், படுக்கை, உடனிருந்த நாய்கள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. அது ஏன் நேர்ந்தது என்று அதற்கு எடுத்துச்சொல்ல யாராலும் முடியாது. மறைவான ஓர் இடத்தில் இருந்தபடி, வீட்டில் யார் எப்போது நடமாடுகிறார்கள், எந்த ஓசைக்குப் பின் என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பது, அச்சமுற்ற நாய் செய்யக்கூடிய மிக விவேகமான செயல். இந்த நிலை தளரச் சில நாய்களுக்குச் சில நாட்கள் போதும். சிலவற்றுக்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம்தான். பெரிய நாய் விலகிப் போனால் நாம் பேசாமல் விட்டுவிடுவோம். சிறிய நாய் விலகினால், கைக்கு அடக்கமாக இருக்கிறது என்பதற்காகவே தூக்கிவிடுகிறோம். ஒரு முழ உயரம்கூட இல்லாத உயிருக்கு, மேலிருந்து இறங்கும் இரண்டு கைகளும், அடுத்த நொடியே காலடியில் தரை இல்லாமற்போவதும் எவ்வளவு அச்சத்தைத் தரும் என்று எண்ணிப் பாருங்கள். உறுமுவதற்கு முன்பே அது தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விட்டிருக்கும். உணவு எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்கியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெள்விழி தெரிய ஓரக்கண்ணால் பார்த்திருக்கும். இவற்றை யாரும் பொருட்படுத்தாததால்தான் உறுமியிருக்கிறது. தயவுசெய்து அதற்காக அதனைத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். உறுமினால் தண்டனை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாய் அச்சத்தை விடுவதில்லை, எச்சரிப்பதைத்தான் விட்டுவிடுகிறது. பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும்.

ஆகவே, தவிர்க்க இயலாத காரணம் இல்லாவிட்டால், சில வாரங்களுக்கு அதனை யாரும் தூக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு வேறொரு பொறுப்பைக் கொடுங்கள். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி, நாய்க்குப் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, அதன் கண்களை நேராகப் பார்க்காமல், ஏதேனும் ஒரு புத்தகத்தை மெல்லிய குரலில் வாசிக்கட்டும். அவ்வப்போது நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தில் ஒரு துணுக்கைத் தரையில் போடட்டும். நீங்களும் உடன் இருங்கள். அது தானாக வந்து முகர்ந்தால், கையை நீட்டாமல் முகரவிட வேண்டும். அருகில் நிற்கத் துணிந்த பின், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், மார்பை இரண்டு மூன்று நொடிகள் தடவிக்கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நெருங்கிச் சாய்ந்தால் தொடரலாம். உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தால் அன்றைக்கு அவ்வளவு போதும்.

கட்டிலடியை அடைக்கவும் வேண்டாம், அங்கிருந்து இழுக்கவும் வேண்டாம். காப்பகத்தில் அது படுத்திருந்த விரிப்பைக் கேட்டு வாங்க முடிந்தால், துவைக்காமல் அங்கே விரித்துவிடுங்கள். உணவும் இப்போதைக்குப் பழையதாகவே இருக்கட்டும். மாற்ற விரும்பினால் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம். ஒரு முழு நாள் எதையும் உண்ணாவிட்டாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் தென்பட்டாலோ காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய இனக் குட்டிகளாக இருந்தால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உணவு தவறினால் அவற்றின் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் தத்தெடுத்த சிறிய நாயை இரவில் கூடத்தில் தனியாகப் படுக்கவைத்தால் அழுகிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீரும் கழித்துவிடுகிறது. கண்டித்துத் திருத்தலாமா? (ஒரு வாசகர்)

பதில்: கண்டிப்பதால் உங்களைக் கண்டு ஒளிந்து கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அழவிட்டால் தானே பழகிவிடும் என்பதையும் நான் ஏற்பதில்லை. அதன் படுக்கையை நீங்கள் உறங்கும் அறையிலேயே போடுங்கள். மனம் அமைந்த பின், கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்றால் சிறிது சிறிதாக நகர்த்திக்கொள்ளலாம். சிறிய உடம்பில் சிறுநீர்ப்பையும் சிறியது என்பதால், தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். உரிய இடத்தில் கழித்தவுடன், அங்கேயே, ஒரு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் கழித்த இடத்தை நாற்றத்தைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைக்கவும். அம்மோனியா கலந்தவற்றைத் தவிர்க்கவும், அவற்றின் நெடி சிறுநீரை ஒத்திருக்கும்.

வெளியே செல்லும்போது கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸில் மாட்டுங்கள். சிறிய இன நாய்கள் பலவற்றுக்கு மூச்சுக்குழாய் எளிதில் நசுங்கும். வீடு எது என்று இன்னும் அறியாத நாய் மிரண்டு ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. எனவே முதல் சில வாரங்களில், சுற்றுச்சுவர் உள்ள இடத்திலும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டாம்.