ஒரு ஜோடி குச்சி போதும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆசியப் பண்பாடுகளைச் சொல்லித்தர நான்கு பீரியடு கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் காகிதத் தொப்பி, விசிறி, நூடுல்ஸ் என்று விழா நடத்தினோம். பிள்ளைகள் கண்ணை இழுத்துக்கொண்டு "சிங் சாங்" என்று கத்தியதுதான் மிச்சம். இந்த முறை என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: போன வருடம் பிள்ளைகளுக்குக் காட்டியது வேடம். வேடத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பத்து நாடுகளைத் தொட்டுக்காட்டுவதை விட்டுவிட்டு, சாப்பிடும் குச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பீரியடுக்குத் தாராளமாகத் தாங்கும்.

முதல் பீரியடில் வெளிநாடே வேண்டாம். "உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என்னென்ன விதி?" என்று எழுதச் சொல்லுங்கள். இலையின் நுனி இடப்பக்கம், சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது, துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பது என்று வரும். சில வீட்டில் இலையே கிடையாது. சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பின்னால் ஒருவன் "ஜப்பான்காரங்க எல்லாருமே..." என்று ஆரம்பிக்கும்போது அந்தச் சார்ட்டைக் காட்டினால் போதும்.

இரண்டாவது பீரியடில் குச்சி. மூங்கில் குச்சியில் சிலாம்பு இருக்கும். முந்தைய நாளே உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். (சாப்பிடும் இடத்தில் குச்சிகளை ஒன்றோடொன்று உரசுவதை ஜப்பானில் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். மட்டமான குச்சி கொடுத்தாய் என்று சொல்வது போல் ஆகிவிடும்.) கீழ்க்குச்சி கட்டைவிரல் இடுக்கிலும் மோதிரவிரல் மேலும் படிந்து அசையாமல் இருக்க வேண்டும். மேல்குச்சியைப் பேனா மாதிரி பிடித்து அதை மட்டும் அசைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அசைப்பதாலும், நுனிக்குப் பக்கத்தில் பிடிப்பதாலும்தான் நழுவுகிறது. முதலில் பாப்கார்ன், அடுத்து எண்ணெய் விடாத கொண்டைக்கடலைச் சுண்டல். கடைசியாக ஆளுக்கு ஒரு கரண்டி பொன்னி அரிசிச் சோறு. உதிர்ந்து போகும், உதிரட்டும். ஜப்பானியக் குட்டை அரிசி ஒட்டும் என்பதால் அங்கே குச்சியில் சோறு எடுக்க முடிகிறது என்று அப்போது சொல்லுங்கள். லாவோஸில் ஒட்டரிசியைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள், தாய்லாந்தில் சோற்றுக்கு ஸ்பூன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் முதலில் முடிப்பது என்று போட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், பாடம் கேலியாகிவிடும்.

மூன்றாவது பீரியடுதான் முக்கியம். சீனக் குச்சி நீளம், நுனி மழுங்கல். நடுவில் வைத்த தட்டு வரை எட்ட வேண்டுமே. ஜப்பானியக் குச்சி குட்டை, நுனி கூர்மை. மீன் முள் எடுக்க வசதி. கொரியாவில் தட்டையான உலோகக் குச்சி. சோற்றுக்கும் சூப்புக்கும் ஸ்பூன். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது முறை. கொரியாவில் தூக்கினால் முறைகேடு. எது சரி என்று பிள்ளைகள் சண்டை போடட்டும்; நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிறகு, குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக் கூடாது, இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "துக்க வீட்டு இலை மாதிரியா மிஸ்?" என்று யாராவது கேட்கும் வரை காத்திருங்கள். நீங்களே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி.

நான்காவது பீரியடு கேள்விகளுக்கு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை பக்கத்தில் இருப்பதால் கொரியர் ஒருவரை அழைப்பது உங்களுக்குச் சிரமமில்லை. "உங்கள் நாட்டில்" என்று கேட்காமல் "உங்கள் வீட்டில்" என்று கேட்கப் பழக்குங்கள். வகுப்பில் நேபாளப் பிள்ளையோ மணிப்பூர்ப் பிள்ளையோ இருந்தால் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்லாதீர்கள்.

நாய்க்கறிப் பேச்சு கட்டாயம் வரும். கொரியாவிலேயே அதை எதிர்த்தவர்கள் ஏராளம், 2024 ஜனவரியில் தென்கொரிய நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது, 2027இல் தடை அமலுக்கு வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். ஆனால் "சீ!" என்ற அந்தச் சத்தத்தை விட்டுவிடாதீர்கள். மதியம் பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் அதே "சீ!" எழுகிறதா என்று கவனியுங்கள். எழுந்தால், கொரியாவை மூட்டை கட்டிவிட்டு மீதி பீரியடு முழுக்க அதைப் பேசுங்கள்.