சேமிப்புக் குழுவை விட்டுப் பிள்ளைகள் நின்றுபோனால்

வணக்கம். நீங்கள் நடத்தும் பெண்பிள்ளைகள் சேமிப்புக் குழுவில் 13 முதல் 17 வயதுவரை 18 பிள்ளைகள், ஆளுக்கு வாரம் 20 ரூபாய் சேமிப்பு, இப்போது 7 பேர் வருவதில்லை, சேர்ந்த பணம் குழுத் தலைவி வீட்டில், அவள் அப்பா அதில் கைமாற்றுக் கேட்கிறார், குழுவில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

20 ரூபாய் கட்டாயம் என்று வைத்ததுதான் முதல் சிக்கல். கட்ட முடியாத பிள்ளை கூச்சப்பட்டுக் கூட்டத்துக்கே வரமாட்டாள். உங்கள் குழு அதிகம் தேவைப்படுவதும் அவளுக்குத்தான். ஒரு பங்கு 5 ரூபாய், வாரம் ஒன்று முதல் ஐந்து பங்குவரை அவரவர் வசதிப்படி என்று மாற்றுங்கள். அபராதம் கூடாது.

பணத்துக்கு மூன்று பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். பெட்டி ஒரு வீட்டில், சாவிகள் வேறு மூன்று வீடுகளில். எல்லார் முன்னும் திறந்து எண்ணி, மொத்தத்தைச் சத்தமாகச் சொல்லிப் பூட்டுங்கள். ஒவ்வொருத்தி கையிலும் தனி வரவு அட்டை இருக்கட்டும். இந்த வயதில் குழுக்கடன் வேண்டவே வேண்டாம். வீட்டார் பிள்ளையை முன்னால் விட்டு வாங்குவார்கள், திரும்பி வராது. 500 ரூபாய் சேர்ந்தவள் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 10 வயது முடிந்திருந்தால் தன் பெயரிலேயே.

இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், சத்து உடம்பில் ஏறாது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயந்துதான் பலர் நிறுத்துகிறார்கள்.

அந்த 7 பேர் வீட்டுக்கும் இந்த வாரமே போய்வாருங்கள். 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.