மேசையிலிருந்து பில்லுக்கு: லாஸ் வேகாஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கொழும்பில் புதிய கசினோ ஹோட்டல் திறந்ததிலிருந்து லாஸ் வேகாஸ் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிட்டன. ஆறு கடிதங்களுக்கு இம்முறை பதில்.

கேள்வி: கப்பலில் வேலை செய்த என் பெரியப்பா 1970களில் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கி வேகாஸ் போய் வந்தவர். அறை மலிவு, சாப்பாடு கிட்டத்தட்ட சும்மா என்பார். அண்மையில் போய் வந்த என் மகளோ 60 டொலர் அறைக்கு 119 டொலர் கட்டியிருக்கிறாள். எது உண்மை? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இரண்டுமே உண்மை. பெரியப்பா போன காலத்தில் அறையும் சாப்பாடும் நட்டத்தில் ஓடினாலும் முதலாளி கவலைப்படவில்லை. ஆளை உள்ளே கொண்டுவந்து மேசையில் உட்கார வைத்தால் போதும், நட்டத்தைச் சூதாட்டத் தளம் ஈடுகட்டிவிடும்.

அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது 1989 நவம்பர் 22இல். கசினோ முதலாளி ஸ்டீவ் வின் அன்றுதான் மிராஜ் ஹோட்டலைத் திறந்தார். செலவு சுமார் 630 மில்லியன் டொலர், அதில் பெரும்பகுதி உயர்வட்டிக் கடன்பத்திரங்கள் மூலம் திரட்டியது. நாளொன்றுக்கு ஒரு மில்லியன் டொலர் வந்தால்தான் தாக்குப்பிடிக்கும் என்று பேசப்பட்ட இடம் அது. அவ்வளவு வட்டி கட்டுகிறவருக்கு எந்தப் பிரிவும் நட்டத்தில் ஓடக் கட்டுப்படியாகாது. அறை, உணவகம், புலிகளை வைத்து நடந்த மாயாஜாலக் காட்சி எல்லாமே தன் செலவைத் தானே சம்பாதித்து இலாபமும் காட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஆள் ஷெல்டன் அடெல்சன். கணினித் துறையின் கொம்டெக்ஸ் கண்காட்சியை நடத்தியவர். வெள்ளி, சனி இரவுகளில் வேகாஸ் தானாக நிரம்பும், திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் காலியாகக் கிடக்கும். மாநாட்டுக்கு வருபவரோ வார நாளில் வருவார், அறைக் கட்டணத்தை அவருடைய நிறுவனம் கட்டும். அடெல்சன் 1989இல் பழைய சாண்ட்ஸ் ஹோட்டலை வாங்கினார், மறு ஆண்டே பக்கத்தில் கண்காட்சி மண்டபம் எழுப்பினார், 1996இல் ஹோட்டலை வெடிவைத்துத் தகர்த்து, 1999இல் அதே இடத்தில் வெனீஷியனைத் திறந்தார். ஹோட்டலுக்குக் கண்காட்சி மண்டபம் துணை என்று நினைப்போம். அவர் கணக்கில் மண்டபத்தை நிரப்பினால் ஹோட்டல் தானே நிரம்பும். இந்த நகரத்தின் வரலாற்றில், ஒரு காலத்தில் கசினோக்களை நடத்திய குற்றக் கும்பல்களின் தலைவர்களை விட முக்கியமான ஆளாக அவரைத்தான் நாங்கள் சொல்வோம்.

1990களின் முடிவில் பெரிய ஹோட்டல்கள் உள்ள ஸ்ட்ரிப் வீதியில் அறை, சாப்பாடு, மதுபானம், காட்சிகள் சேர்ந்த வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டிவிட்டது. கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் சூதாட்டத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு வந்து நின்றது.

உங்கள் மகளின் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். அறை 60, 'ரிசோர்ட் கட்டணம்' என்ற கட்டாயத் தொகை 45 ஆக இருந்திருக்கும். கூட்டினால் 105. அதன் மேல் சுமார் 13 வீத அறை வரி, 14 டொலர் அளவில். மொத்தம் 119. நீச்சல் தடாகத்தையோ வைஃபையையோ தொடாவிட்டாலும் ரிசோர்ட் கட்டணம் உண்டு. ஒரு காலத்தில் இலவசமாக இருந்த வாகனத் தரிப்பிடத்துக்கும் 2016 முதல் ஸ்ட்ரிப்பின் பல ஹோட்டல்கள் காசு வாங்குகின்றன. 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது: கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். வரியைத் தனியாகச் சேர்க்கலாம் என்பதால் கடைசித் திரை வரை பார்த்துவிட்டே அட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. அறைக்குள் நுழையும்போது ஹோட்டல் உங்கள் அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைக்கும். டெபிட் அட்டை கொடுத்தால் முடங்குவது கையில் இருக்கும் காசு, அது திரும்பிவரச் சில நாட்கள் பிடிக்கும். கிரெடிட் அட்டையே நல்லது. அறையிலுள்ள சிறு குளிர்பெட்டியில் பல ஹோட்டல்கள் உணரிகள் வைத்திருக்கின்றன. போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பி வைக்காவிட்டால் பில்லில் ஏறிவிடும். சொந்தத் தண்ணீர்ப் போத்தலை வைப்பதற்காக உள்ளே இருப்பவற்றை நகர்த்த வேண்டாம்.

கேள்வி: கசினோக்களைக் கும்பல்கள் நடத்தின என்பது எவ்வளவு தூரம் உண்மை? காசை எப்படி எடுத்தார்கள்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: பெருமளவு உண்மை. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931 மார்ச்சில். வங்கிகள் கசினோவுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், அந்த இடைவெளியில் நுழைந்தது கும்பல் பணம். 1946 டிசம்பர் 26இல் ஃபிளமிங்கோ கசினோ ஹோட்டலைத் திறந்த கும்பல்காரர் பக்ஸி சீகல் ஆறு மாதத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில், கும்பல்களின் செல்வாக்கில் இருந்த டீம்ஸ்டர்ஸ் என்ற லொறிச் சாரதிகள் தொழிற்சங்கத்தின் ஓய்வூதிய நிதியிலிருந்து கசினோக்களுக்குக் கடன் போனது.

காசை எடுத்தது எண்ணும் அறையில், கணக்கில் பதிவதற்கு முன்னர். ஸ்லொட் இயந்திரத்தில் விழுந்த நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, நிறுத்துத்தான் தொகை கணிப்பார்கள். 25 சத நாணயம் ஒன்றின் நிறை 5.67 கிராம். ஆகவே 1,000 டொலர் என்றால் 4,000 நாணயங்கள், 22.68 கிலோ. தராசு குறைத்துக் காட்டும்படி திருத்திவிட்டால் மிச்சம் யார் புத்தகத்திலும் இருக்காது. 1970களில் ஸ்டார்டஸ்ட் ஹோட்டலில் நடந்தது இதுதான். 1980களின் நீதிமன்ற வழக்குகளில் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைய இயந்திரங்கள் நாணயத்துக்குப் பதிலாக அச்சிட்ட சீட்டுத் தருகின்றன, ஒவ்வொரு சுழற்சியும் கணினியில் பதிவாகிறது. அந்தத் தராசுக்கு இனி வேலையில்லை.

கும்பலை வெளியேற்றியதில் பொலிஸுக்கு இருந்த பங்கு பங்குச் சந்தைக்கும் இருந்தது. முன்பு கசினோ நிறுவனமொன்றின் ஒவ்வொரு பங்குதாரரும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள நிறுவனத்தால் அது முடியாத காரியம். 1967, 1969 சட்டத் திருத்தங்கள் அதைத் தளர்த்தியதும் பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் நுழைந்தன. 1966 நவம்பரில் வந்து டெசர்ட் இன் ஹோட்டலில் தங்கி, பிறகு அதையே வாங்கிய கோடீஸ்வரர் ஹவர்ட் ஹியூஸ், 'இங்கே கௌரவமான முதலீடு சாத்தியம்' என்ற எண்ணத்தை ஏற்கெனவே உண்டாக்கியிருந்தார்.

கேள்வி: ஸ்ட்ரிப் வீதி லாஸ் வேகாஸ் நகரத்துக்குள் இல்லை என்கிறார்களே? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பெரும்பகுதி இல்லை. 1941இல் 'எல் ராஞ்சோ வேகாஸ்' என்ற கசினோ ஹோட்டல் நகர எல்லைக்கு வெளியே எழுந்ததே மலிவான நிலத்துக்காகவும் நகர வரியைத் தவிர்க்கவும்தான். நகரம் அந்தப் பகுதியைத் தன்னோடு இணைக்க முயன்றபோது, கசினோ உரிமையாளர்கள் மாவட்ட நிர்வாகத்தைப் பிடித்து 1950 டிசம்பரில் பரடைஸ் என்று தனி ஊரை உருவாக்கிக்கொண்டார்கள். கொழும்பு மாநகர எல்லையைத் தாண்டி கல்கிசையில் ஹோட்டல் கட்டிக்கொண்டு விலாசத்தில் கொழும்பு என்று போடுவதைப் போன்றது.

கேள்வி: பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் '6:5' என்று எழுதியிருந்தால் உட்கார வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். சின்ன வித்தியாசம்தானே? (தெஹிவளை வாசகர்)

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் பழைய விதிப்படி 3:2, அதாவது 25 டொலருக்கு 37.50. புதிய பலகையில் 6:5, வெறும் 30. அந்தக் கை சுமார் 21 கைக்கு ஒருமுறை வரும். மணிக்கு 70 கை ஆடினால் மூன்று தடவைக்குச் சற்று மேல். பிழையில்லாமல் ஆடுபவருக்கு எதிராக நல்ல மேசையில் கசினோவின் அனுகூலம் அரை வீதம். 6:5 ஆனதும் அது கிட்டத்தட்ட 1.9 வீதம். 25 டொலர் பந்தயத்தில் மணிக்கு எதிர்பார்க்கக்கூடிய இழப்பு 9 டொலரிலிருந்து 33 டொலருக்குப் போகிறது. எழுத்து சிறியது, இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு.

சக்கரத்தில் பந்தை ஓடவிட்டு எண்ணுக்குப் பந்தயம் கட்டும் ரூலெட்டிலும் இதே கதை. ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 குழிகள், கசினோவின் பங்கு 2.70 வீதம். இரட்டைப் பூச்சியத்தில் 38 குழிகள், 5.26 வீதம். அண்மைய ஆண்டுகளில் ஸ்ட்ரிப்பில் மூன்று பூச்சியச் சக்கரங்களும் வந்துவிட்டன: 39 குழிகள், 7.69 வீதம். மூன்றிலும் ஒற்றை எண்ணுக்குத் தருவது அதே 35 மடங்குதான். அறையிலும் சாப்பாட்டிலும் காசு பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு மேசையைத் தளர்த்துவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது நேர்மாறு. பாட்டு நிகழ்ச்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் வருகிற கூட்டம் மேசை விதியை வாசிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: பாலைவனத்தில் இத்தனை நீரூற்றுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து? (மட்டக்குளி மாணவி)

பதில்: லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரில் சுமார் 90 வீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி வழியாக வருகிறது. நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 300,000 ஏக்கர்-அடி, ஏறக்குறைய 370 மில்லியன் கனமீற்றர். பக்கத்துக் கலிபோர்னியாவுக்கு இதைப்போல 14 மடங்குக்கு மேல்.

குளியலறையிலும் சமையலறையிலும் போகிற தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்கே திரும்புகிறது. திரும்பியதற்கு ஈடாக அதே அளவு மறுபடி எடுக்கலாம். ஆகவே ஹோட்டல் விருந்தினரின் குளியல் பெரிய பிரச்சினையில்லை. திரும்பி வராமல் போவது புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீரும் குளிரூட்டிக் கோபுரங்களில் ஆவியாகிற தண்ணீரும்தான். வீதியோரங்களிலும் அலுவலக வளவுகளிலும் அலங்காரத்துக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பிறகு கொலராடோ தண்ணீர் பாய்ச்சக்கூடாது என்று 2021இல் சட்டம் வந்தது. நீங்கள் படத்தில் பார்க்கும் பெலாஜியோ ஹோட்டல் நீரூற்றுக்கு மீட் ஏரித் தண்ணீர் போவதில்லை. முன்பு அங்கிருந்த டியூன்ஸ் ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்கு நீர் கொடுத்த கிணறே அதற்கும் கொடுக்கிறது.

கேள்வி: கொழும்பு இன்னொரு வேகாஸ் ஆகுமா? (கொள்ளுப்பிட்டி வாசகர்)

பதில்: 2025 ஓகஸ்டில் திறந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோவை நடத்துவது மக்காவோவில் வளர்ந்த மெல்கோ நிறுவனம், ஜோன் கீல்ஸுடன் சேர்ந்து. வேகாஸ் வளர்ந்தது 430 கிலோமீற்றர் தூரத்து லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் வந்த கூட்டத்தால். கொழும்புக்கு அந்த இடத்தில் இருப்பவை சென்னை, பெங்களூர், மும்பை. இந்தியாவில் கோவா, சிக்கிம் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர கசினோவுக்கு அனுமதியில்லை, சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும்.

உள்ளூர் மக்களை எப்படி நடத்துவது என்பதில் வேகாஸை விட சிங்கப்பூரைப் பார்ப்பதே பயன். வேகாஸில் உள்ளூர்வாசிக்கென்றே கசினோக்கள் உண்டு, பலசரக்குக் கடையிலும் ஸ்லொட் இயந்திரம் உண்டு. சிங்கப்பூர் 2010இல் கசினோவைத் திறந்தபோதே தன் பிரஜைகளுக்கு 100 சிங்கப்பூர் டொலர் நுழைவு வரி விதித்தது, 2019இல் அதை 150 ஆக்கியது. இலங்கையும் தன் பிரஜைகளிடம் நுழைவு வரி வாங்குகிறது, 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டத்தையும் நிறைவேற்றியது. சபைக்கு எத்தனை பரிசோதகர்கள், எண்ணும் அறைக்குள் அறிவிக்காமல் போக அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்பதை ஊடகங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

வியாபாரம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க ஆண்டறிக்கையில் இரண்டு இடத்தைப் பாருங்கள்: மொத்த வருமானத்தில் சூதாட்டம் அல்லாத பங்கு, வார நாட்களில் நிரம்பிய அறைகளின் வீதம். இரண்டும் ஆண்டுக்காண்டு ஏறினால் வேலைவாய்ப்பு சமையலறை, அறைப் பராமரிப்பு, மாநாட்டு ஏற்பாடு என்று பரவும். வேகாஸில் இந்த வேலைகளில் இருக்கும் சுமார் 60,000 பேர் குலினரி தொழிற்சங்கத்தின் 226ஆம் கிளையில் உறுப்பினர்கள். அவர்களின் சம்பளமும் மருத்துவக் காப்புறுதியும் அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்தால் வந்தவை. ஹோட்டல் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் கசினோவின் விளக்கு அலங்காரத்தை விட்டுவிட்டு நியமனக் கடிதத்தைப் படியுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணத்தில் பங்கு எத்தனை வீதம், இரவு வேலை முடிந்தால் வீடு திரும்ப வாகனம் உண்டா.